தாத்தாவின் நோட்டில் இருக்கும் ‘ஒரு பலம்’ எத்தனை கிராம்?

வீட்டில் கிடந்த பழைய வைத்திய நோட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, “டாக்டர், வராகனெடைன்னா எத்தனை கிராம்?” என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. யாரிடமும் கேட்காமல், கைப்பேசியில் கிடைத்த ஏதோ ஒரு அட்டவணையைப் பார்த்து நிறுத்து, இடித்து, சாப்பிட்டும்விடுகிறவர்களை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

சித்த மருத்துவத்தில் இன்று நாங்கள் பின்பற்றும் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். குன்றிமணி எடை 130 மில்லிகிராம். பணவெடை 488 மில்லிகிராம். வராகனெடை 4.2 கிராம். பலம் 35 கிராம். எட்டுப் பலம் ஒரு சேர், அதாவது 280 கிராம். ஐந்து சேர் ஒரு வீசை, 1.4 கிலோ. நூறு பலம் ஒரு துலாம், 3.5 கிலோ. அட்டவணை இவ்வளவுதான். ஆனால் உங்கள் கையில் இருக்கும் குறிப்பு இந்தக் கணக்கில்தான் எழுதப்பட்டதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

பலத்தையே எடுத்துக்கொள்வோம். ஆயுர்வேத நூல்களிலும் பலம் வரும். அங்கே இன்றைய அதிகாரபூர்வக் கணக்குப்படி ஒரு பலம் 48 கிராம், நூறு பலம் கொண்ட துலாம் 4.8 கிலோ. அந்த மரபுக்குள்ளேயே மகத மானம், கலிங்க மானம் என்று இரண்டு அளவு முறைகள் இருந்திருக்கின்றன. போதாததற்குத் திரவப் பொருள்களைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இரட்டிப்பாக எடுக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. வடமொழி நூலிலிருந்து தமிழுக்கு வந்த ஒரு கஷாயத்தை 35 கிராம் கணக்கில் போட்டால் மருந்துச் சரக்கு கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும். வீசையும் அப்படித்தான். சென்னை மாகாணத்து வீசை 1.4 கிலோ என்றால் பர்மா வீசை 1.63 கிலோ. பர்மாவிலிருந்து திரும்பிவந்த குடும்பங்களின் நோட்டு என்றால் இதையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

‘ரூபாய் எடை’ என்று எழுதியிருப்பதையும் பார்க்கிறேன். அந்த ரூபாய், வெள்ளைக்காரன் காலத்து வெள்ளி ரூபாய். 1835இல் ஒரே சீராக்கப்பட்ட அந்த நாணயத்தின் எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். தோலா என்பதும் அதுதான். மூன்று ரூபாய் எடை சேர்ந்தால் ஒரு பலம். இதைத் தெரிந்துகொள்ளாமல் இன்றைய ஒரு ரூபாய் நாணயத்தைத் தராசுத் தட்டில் வைத்து நிறுக்கிறார்கள். 2011இல் வந்த ஒரு ரூபாய் நாணயம் 4 கிராம்கூட வராது. மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும்.

சரி, அளவு கொஞ்சம் மாறினால் என்ன ஆகிவிடும்? சில மருந்துகளில் ஒன்றுமே ஆகாது, அதையும் சொல்லத்தான் வேண்டும். திரிகடுகு சூரணத்துக்குச் சுக்கு, மிளகு, திப்பிலி வகைக்கு ஒரு பலம் என்றால், பலம் 35 கிராமோ 48 கிராமோ, மூன்றும் சம எடை என்பது மாறாது. சரக்கு முழுவதும் ஒரே அளவையில் சொல்லப்பட்டிருந்தால் விகிதம் நம்மைக் காப்பாற்றிவிடும். நிறுத்தலும் முகத்தலும் கலந்து வருகிற இடத்தில்தான் சிக்கல். ‘நல்லெண்ணெய் ஒரு படி, சரக்கு வகைக்கு ஒரு பலம்’ என்று தைலக் குறிப்பு இருக்கும். எங்கள் கணக்கில் படி 1.34 லிட்டர். சென்னைப் பக்கத்துப் பெரிய படி ஏறக்குறைய 1.6 லிட்டர். இதை ஒரு லிட்டர் பாக்கெட் எண்ணெயில் காய்ச்சுபவர்களும் உண்டு. மூன்றும் ஒரே தைலம் ஆகாது.

இதைவிட ஆபத்து, உட்கொள்ளும் அளவில் பிசகுவது. பணவெடை என்று எழுதியிருப்பதை வராகனெடை என்று படித்துவிட்டால் மருந்து எட்டரை மடங்கு ஆகிவிடும். சூரணத்தில் அப்படி நடந்தால் பெரும்பாலும் வயிற்றுப்போக்கோடு போய்விடலாம். உலோகம், தாது போன்றவற்றை நெருப்பில் பக்குவப்படுத்திச் செய்யும் பற்பம், செந்தூரம் என்றால் அப்படிப் போகாது. அவற்றின் அளவே குன்றியிலும் அரைக் குன்றியிலும்தான் சொல்லப்பட்டிருக்கும். வீட்டுச் சமையல் தராசு பெரும்பாலும் ஒரு கிராம் ஒரு கிராமாகத்தான் காட்டும். அதில் 130 மில்லிகிராமை வைத்தால் எண் அசையாது. அசையும்வரை போட்டுக்கொண்டே போனால் ஒரு கிராமை நெருங்கிவிடுவீர்கள். நகைக்கடைத் தராசு இன்னும் நுட்பமானது. ஆனால் அங்கே மில்லிகிராமை ‘மில்லி’ என்பார்கள். மருந்து கொடுக்கும் வீட்டில் ‘மில்லி’ என்றால் சிரப் மூடிதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அதனால்தான் என் மருந்துச் சீட்டில் மில்லிகிராம் என்று முழுதாகவே எழுதுகிறேன்.

குன்றிமணி விதையையே எடைக்கல்லாக வைத்து நிறுப்பதும் வேண்டாம். விதைக்கு விதை எடை மாறும். அதோடு அது நஞ்சு. உள்ளே இருக்கும் அப்ரின் மிகக் கொடிய நச்சுப்புரதம். சிவப்பும் கறுப்புமாக அழகாக இருப்பதால் குழந்தைகள் எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்கள். கடித்து மென்றுவிட்டார்கள் என்று தெரிந்தால், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

எட்டி, நாபி, சேராங்கொட்டை, லிங்கம் (பாதரசத் தாது), தாளகம் (ஆர்சனிக் தாது) போன்றவை மருந்துச் சட்ட விதிகளின் இ-1 அட்டவணையில் நச்சுப் பொருள்களாகச் சேர்க்கப்பட்டவை. உங்கள் குறிப்பில் இவற்றில் ஒன்று இருந்தால், அளவை எவ்வளவு சரியாக மாற்றினாலும் வீட்டில் செய்யவே கூடாது. சரக்கின் நஞ்சை முறிக்கும் சுத்தி முறை தெரியாமல் எடையை மட்டும் தெரிந்துகொண்டு பயனில்லை.

நோட்டை எங்களிடம் கொண்டுவரும்போது அந்த ஒரு பக்கத்தை மட்டும் கிழித்தோ படமெடுத்தோ வராதீர்கள். முழு நோட்டும் வேண்டும். நம் நாட்டில் மெட்ரிக் அளவைகள் 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாக வந்தவை. நோட்டு அதற்கு முந்தியதா பிந்தியதா, எழுதியவர் எந்த ஊரில் இருந்தார், எந்த நூலைப் பார்த்து எழுதினார் என்பதெல்லாம் மற்ற பக்கங்களில்தான் தெரியும். தமிழ் எண்களையும் கவனிக்க வேண்டும். ௮ என்றால் எட்டு, ௨ என்றால் இரண்டு, வ போல இருப்பது கால். எழுத்தென்று நினைத்துத் தாண்டிப் போனால் அளவே விட்டுப்போகும். புதிய நோட்டில் படியெடுத்து எழுதுவதாக இருந்தால், பழைய அளவை அழித்துவிட்டுக் கிராமை மட்டும் எழுதாதீர்கள். ‘2 பலம் (70 கிராம், சித்தக் கணக்கு)’ என்று இரண்டையும் சேர்த்தே எழுதிவையுங்கள்.