இருளில் பார்க்கும் பைனாகுலர்: வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

இணையக் கடைகளில் "நைட் விஷன் பைனாகுலர்" என்று தேடினால் சில ஆயிரம் ரூபாய்க்கும் ஒன்று கிடைக்கும், சில லட்சத்துக்கும் ஒன்று கிடைக்கும். விளம்பரப் படங்களைப் பார்த்தால் இரண்டும் ஒரே வேலையைச் செய்வதுபோலத்தான் இருக்கும். உண்மையில் அந்த ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு கருவிகள் விற்பனையாகின்றன. வேலை செய்யும் விதமும் வேறு, கைவிடும் இடமும் வேறு. வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: இந்தக் கருவி யாருடைய ஒளியை வைத்துப் பார்க்கிறது? வானத்திலிருந்து வரும் ஒளியையா, தானே அடிக்கும் விளக்கையா, எதிரே இருக்கும் உயிரின் உடம்புச் சூட்டையா?

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு விலங்கை முன்னால் வைத்துக்கொண்டு பேசுவது நல்லது. தேவாங்கை எடுத்துக்கொள்வோம். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் பரவியிருக்கும் கடவூர்ப் பகுதிக் காடுகளில் 11,806 ஹெக்டேரை 2022-இல் தமிழக அரசு தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. இந்தியாவில் தேவாங்குக்கென்றே அமைந்த முதல் சரணாலயம் அது. தேவாங்கு ஏறத்தாழ ஒரு சாண் நீளம், கால் கிலோ சுமாருக்கு எடை. பகல் முழுக்கத் தூங்கிவிட்டு, இருட்டிய பிறகு முட்புதர்களிலும் கிளைகளிலும் மெதுவாக ஊர்ந்து பூச்சி பிடிக்கும். ஆள் அரவம் கேட்டால் அப்படியே அசையாமல் நின்றுவிடும். இரவுக் கருவி எதற்கும் இதைவிடக் கடினமான சோதனை நம் ஊரில் இருக்காது.

கருவிக்குப் போகும் முன் நம் கண்ணைப் பற்றிக் கொஞ்சம். நண்பகல் வெயிலில் தரையில் விழும் ஒளி சுமார் 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). முழுநிலவு இரவில் 0.1 முதல் 0.3 லக்ஸ். நிலவில்லாத, மேகமில்லாத இரவில் வெறும் 0.001 லக்ஸ் அளவுதான். இவ்வளவு பெரிய வித்தியாசத்தையும் ஒரே கண் சமாளிக்கிறது. விழித்திரையில் சுமார் 12 கோடி குச்சி செல்கள் இருக்கின்றன. அவற்றிலுள்ள ரொடாப்சின் என்ற நிறமி வெளிச்சத்தில் சிதைந்துபோகும், இருட்டில் மெல்ல மெல்லத் திரும்பச் சேரும். அது ஓரளவு முழுமையாகச் சேர 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒருமுறை செல்போனைத் திறந்து பார்த்தால் அத்தனை நேரக் காத்திருப்பும் வீண். சிவப்பு ஒளியைக் குச்சி செல்கள் அவ்வளவாக உணர்வதில்லை. இரவில் தேவாங்கு தேடிப் போகிறவர்கள் ஹெட்லேம்ப்பில் சிவப்புத் தாளை ஒட்டிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தி மயங்கும் நேரத்திலும் நிலா வெளிச்சத்திலும் பார்ப்பதற்குச் சாதாரண பைனாகுலரே போதும். இதைக் கடைக்காரர்கள் அதிகம் சொல்வதில்லை. 7×50 என்று எழுதியிருந்தால் 7 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 50 என்பது முன் லென்ஸின் அகலம் மில்லிமீட்டரில்; 50-ஐ 7-ஆல் வகுத்துப் பாருங்கள். சுமார் 7 வரும். கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அத்தனை மில்லிமீட்டர். இளவயதில் இருட்டில் கண்பாவை ஏறத்தாழ அந்த அளவுக்கு விரியும். வயது ஏற ஏற அது 5 மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடும், மிச்ச ஒளி கண்ணுக்குள் போகாது. நடுவயதைக் கடந்தவருக்கு 8×42 போதும், கழுத்தும் வலிக்காது. ஆனால் எந்தச் சாதாரண பைனாகுலரும் இருக்கும் ஒளியைப் பெருக்காது. அதைச் சிந்தாமல் கொண்டுவந்து சேர்க்கும், உருவத்தைப் பெரிதாக்கிக் காட்டும், அவ்வளவுதான்.

இருக்கும் ஒளியைப் பெருக்குவதுதான் உண்மையான நைட் விஷன். அதன் உள்ளே நடப்பது எனக்கு எப்போதுமே வியப்பு தருவது. முன் லென்ஸ் சேர்த்துக் கொடுக்கும் மங்கிய ஒளி, ஒளிமின் பூச்சு பூசிய ஒரு கண்ணாடித் தகட்டில் விழுகிறது. ஒளித்துகளான ஃபோட்டான் மோதியதும் அந்தப் பூச்சிலிருந்து ஓர் எலக்ட்ரான் வெளியேறுகிறது. 1905-இல் ஐன்ஸ்டீன் விளக்கிய ஒளிமின் விளைவு இது. அவருக்கு 1921-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்ததும் முக்கியமாக இதற்காகத்தான். ஒளி இப்போது எலக்ட்ரானாக மாறிவிட்டது. எலக்ட்ரானை மின்னழுத்தம் கொடுத்து இழுக்கலாம், வேகப்படுத்தலாம், பெருக்கலாம்.

பெருக்கும் வேலையைச் செய்வது ஒரு மெல்லிய கண்ணாடி வில்லை. தடிமன் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. தேனடையில் அறைகள் நெருங்கி இருப்பதுபோல அதில் பல லட்சம் துளைகள், ஒவ்வொன்றும் 10 மைக்ரோமீட்டர் அகலத்துக்குள். தலைமுடியின் தடிமனில் ஏழில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். துளைகள் நேராக இல்லாமல் சில டிகிரி சாய்வாக இருக்கும். உள்ளே நுழையும் எலக்ட்ரான் நேராகக் கடந்து போய்விடாமல் சுவரில் மோத வேண்டும் என்பதற்காக அந்தச் சாய்வு. மோதியதும் சுவரிலிருந்து இரண்டு மூன்று எலக்ட்ரான்கள் கிளம்பும். அவை எதிர்ச்சுவரில் மோதி இன்னும் சிலவற்றைக் கிளப்பும். ஒன்றாக உள்ளே போனது மறுமுனையில் நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் வெளியே வரும். பிறகு சில ஆயிரம் வோல்ட் அவற்றை இழுத்துப் பாஸ்பர் பூசிய திரையில் மோதவிடுகிறது, திரை ஒளிர்கிறது. இத்தனை வோல்ட்டும் உள்ளே இருக்கும் ஒரு சின்ன மின்சுற்று சாதாரண பென்சில் பேட்டரியிலிருந்து உருவாக்குவது. மின்னோட்டம் மிக மிகக் குறைவு என்பதால் பேட்டரி பல மணி நேரம் தாங்கும். எந்தத் துளை வழியாக வந்ததோ அதே இடத்தில் ஒளிர்வதால் படம் கலையாமல் வந்து சேர்கிறது. பூச்சுத் தகடு, வில்லை, திரை எல்லாம் சேர்ந்த இந்த அமைப்பைத்தான் ஒளிபெருக்கிக் குழாய் என்கிறார்கள்.

பழைய கருவிகளின் படம் பச்சையாக இருந்ததற்கும் காரணம் உண்டு. நம் கண்ணுக்குப் பச்சை நிறத்தின் சாயல் வேறுபாடுகள் நன்றாகப் புலப்படும். இப்போது வெள்ளைப் பாஸ்பர் குழாய்களும் வந்துவிட்டன, பலருக்கு அதுதான் பிடிக்கிறது. எந்த நிறமாக இருந்தாலும் வண்ணக் காட்சி கிடையாது. ஃபோட்டான் எலக்ட்ரானாக மாறும் இடத்திலேயே நிறம் பற்றிய தகவல் போய்விடுகிறது.

விளம்பரங்களில் வரும் தலைமுறைக் கணக்கும் இந்தக் குழாயைப் பற்றியதுதான். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரும் அமெரிக்கரும் பயன்படுத்தியவற்றுக்குத் தனியாக அகச்சிவப்பு விளக்கு வேண்டியிருந்தது. முதல் தலைமுறை வியட்நாம் போர்க்காலத்தில் வந்தது. விண்மீன் ஒளி போதும் என்பது அதன் பெருமை, ஆனால் தேவையான பெருக்கத்துக்கு மூன்று குழாய்களை வரிசையாகக் கோக்க வேண்டியிருந்தது. துளை வில்லை வந்தது இரண்டாம் தலைமுறையில். மூன்றாம் தலைமுறையில் ஒளிமின் பூச்சாகக் காலியம் ஆர்சனைடு வந்தது. கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பையும் அது நன்றாகப் பிடிக்கும். இரவு வானம் கண்ணுக்குப் புலனாகும் ஒளியைவிட அந்தப் பகுதியில்தான் அதிகம் ஒளிர்கிறது என்பதால் ஆதாயம் பெரிது. அமெரிக்கா இவற்றின் ஏற்றுமதிக்கு உரிமம் கேட்கிறது. ஆகவே "மூன்றாம் தலைமுறை" என்று எழுதிய மலிவான பெட்டி வீட்டுக்கே வருகிறது என்றால் நம்பாதீர்கள்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. அடர்ந்த மரநிழலில், மேகம் மூடிய அமாவாசை இரவில், பெருக்குவதற்கு ஒளியே இருக்காது. நொடிக்கு எத்தனை ஃபோட்டான் வருகிறதோ அத்தனைக்குத்தான் படம். குறைவாக வரும்போது படம் முழுக்கப் புள்ளிகள் மினுக்கிக்கொண்டே இருக்கும். அது கருவியின் கோளாறு அன்று. ஒளி துகள் துகளாக வருவதை நேரடியாகக் காட்டும் காட்சி அது.

சரி, சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைப்பது என்ன? அது ஒரு டிஜிட்டல் கேமரா, கூடவே ஓர் அகச்சிவப்பு விளக்கு. சிலிக்கான் சென்சார் 1,100 நானோமீட்டர் அலைநீளம் வரையுள்ள ஒளியை உணரும், நம் கண் 700-ஐத் தாண்டினால் ஏறக்குறைய நின்றுவிடும். அந்த இடைவெளியில் விளக்கு அடித்தால் நமக்கு இருட்டு, கேமராவுக்கு வெளிச்சம். டிவி ரிமோட்டின் முனையைச் செல்போன் கேமராவுக்குக் காட்டி பட்டனை அழுத்திப் பாருங்கள், பெரும்பாலான போன்களில் ஒளிர்வது தெரியும். விளக்கு வேலை செய்கிறதா என்று கடையிலேயே சோதிக்கவும் இதே வழிதான். விளக்கை மட்டும் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள். வெளிச்சம் தெரியாததால் கண் தானாகச் சுருங்கித் தற்காத்துக்கொள்ளாது.

முன்பக்கத்தையும் உற்றுப் பாருங்கள். மலிவான பலவற்றில் இரண்டு கண்ணாடிகளில் ஒன்றுதான் கேமரா லென்ஸ், மற்றது விளக்கு. உள்ளே ஒரே திரை, அதை இரண்டு கண்ணாலும் பார்க்கிறோம். பைனாகுலர் உருவத்தில் இருந்தாலும் ஆழம் தெரியாது. அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு கல்லும் முள்ளுமான பாதையில் நடந்தால் விழ வேண்டியதுதான்.

"இருட்டில் 500 மீட்டர் வரை தெரியும்" என்பார்கள். தூரம் இரண்டு மடங்கானால் விலங்கின் மேல் விழும் விளக்கொளி நான்கில் ஒரு பங்காகும். அதிலிருந்து திரும்பி லென்ஸை வந்தடைவது அதிலும் நான்கில் ஒரு பங்கு. மொத்தத்தில் 16-இல் ஒரு பங்குதான் மிச்சம். வெள்ளைச் சுவரோ சாலைப் பலகையோ அந்தத் தூரத்தில் தெரியலாம், பழுப்பு ரோமம் தெரியாது. கண்கள் மட்டும் விதிவிலக்கு. தேவாங்குக்கும் பூனைக்கும் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. விளக்கு லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அந்த ஒளி நேராக நமக்கே திரும்பி வரும். உடம்பு புலப்படாத தூரத்திலும் இரண்டு கண்கள் பளிச்சென்று தெரியும்.

விளக்கில் 850, 940 நானோமீட்டர் என்று இரண்டு வகை வரும். 850-இல் எட்டும் தூரம் அதிகம், ஆனால் நேராகப் பார்த்தால் மங்கலான சிவப்புப் புள்ளி தெரியும், விலங்கும் கவனிக்கக்கூடும். 940-இல் புள்ளி தெரியாது, சிலிக்கானின் உணர்திறனும் அங்கே குறைந்துவிடும். அப்புறம், டிஜிட்டல் ஜூம் எண்ணுக்காகக் காசு கொடுக்காதீர்கள். அது புதிதாக எதையும் காட்டாது, இருக்கும் பிக்சலைத்தான் பெரிதாக்கும்.

மூன்றாவது வகை தெர்மல். நம் உடம்பின் வெப்பநிலையில் இருக்கும் எதுவும் 9 மைக்ரோமீட்டரை ஒட்டிய அலைநீளத்தில் அதிகமாகக் கதிர்வீசிக்கொண்டே இருக்கிறது. அதைப் பிடிக்க எந்த வெளிச்சமும் வேண்டாம். சாதாரணக் கண்ணாடி அந்தக் கதிரை மறித்துவிடும் என்பதால் லென்ஸ் ஜெர்மானியத்தில் செய்யப்படுகிறது, விலை ஏறுவதற்கு அதுவும் காரணம். ஜன்னலுக்குப் பின்னாலிருந்து தெர்மலில் பார்த்தால் நம் உருவம்தான் மங்கலாகத் தெரியும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு "டிக்" சத்தம் கேட்டுப் படம் நொடிப்பொழுது உறைந்தால் பயப்பட வேண்டாம், சென்சார் தன்னைச் சரிசெய்துகொள்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். 12 மைக்ரோமீட்டர் பிக்சல், 25 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் 50 மீட்டர் தூரத்தில் ஒரு பிக்சலுக்குள் 2.4 சென்டிமீட்டர் அடங்கும். 25 சென்டிமீட்டர் தேவாங்கு பத்துப் பிக்சல். 'ஏதோ ஒரு சின்ன உயிர் கிளையில் இருக்கிறது' என்று தெரியும், அது தேவாங்குதான் என்று அடித்துச் சொல்ல அது நகரும் விதத்தையும் பார்க்க வேண்டியிருக்கும். 200 மீட்டரில் இரண்டரைப் பிக்சல், வெறும் ஒரு சூட்டுப் புள்ளி. பெட்டியில் எழுதும் தூரம் பெரும்பாலும் இந்தப் புள்ளி தெரியும் தூரம், அதுவும் ஓர் ஆள் உயரத்துக்குக் கணக்கிட்டது. கடவூர் போன்ற பாறைக் காடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. பகல் முழுக்க வெயிலை வாங்கிய பாறைகள் முன்னிரவில் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும், திரையெல்லாம் வெளுத்துப்போகும். விடியலுக்கு முந்தைய மணிகளில்தான் தெர்மல் தன் முழுத் திறனைக் காட்டும். பாம்பு, தவளை மாதிரிச் சுற்றுப்புறத்தின் சூட்டிலேயே இருக்கும் உயிர்களுக்கு இது அதிகம் உதவாது.

ஆக, தேவாங்கு பார்க்க விரும்பும் ஒருவருக்கு என் யோசனை: முதலில் நல்ல 8×42 பைனாகுலர், சிவப்பு வடிகட்டி போட்ட ஹெட்லேம்ப். பணம் இருந்தால் அடுத்து ஒற்றைக்கண் தெர்மல் ஒன்று. தெர்மலில் தேடிக் கண்டுபிடித்து, பைனாகுலரில் பார்க்கலாம். மலிவு டிஜிட்டல் கருவி தோட்டத்துக்கும் வீட்டுக் கொல்லைக்கும் சரியாக இருக்கும், முட்புதருக்குள் திணறும். பச்சை இலை அண்மை அகச்சிவப்பை ஏராளமாகத் திருப்பி அனுப்பும் பொருள். முன்னால் இருக்கும் நாலு இலை படம் முழுவதையும் வெளுக்கடித்து, பின்னால் இருக்கும் விலங்கை மறைத்துவிடும். விளக்கைக் குறைத்து வைப்பதும், இலைக்கு இடையில் வழி கிடைக்கும்படி இரண்டடி நகர்ந்து நிற்பதும்தான் வழி.

பயன்படுத்தும்போது முதலில் கண்ணருகே உள்ள டயாப்டர் வளையத்தைத் திருகித் திரை தெளிவாகத் தெரியும்படி வையுங்கள், அதன் பிறகு முன் லென்ஸைக் குவியுங்கள். பகலில் குவித்து வைத்தது இரவில் அகச்சிவப்புக்குப் பொருந்தாது, திரும்பக் குவிக்க வேண்டும். திரை வெளிச்சத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள். ஒற்றைக்கண் கருவியென்றால் ஒரு கண்ணை இருட்டுக்கே விட்டுவைக்கலாம். ஒளிபெருக்கிக் குழாய் உள்ளதைப் பகலில் மூடி திறந்து இயக்கவே கூடாது, பலமான ஒளியில் குழாயில் நிரந்தரத் தழும்பு விழும். தெர்மல் லென்ஸைச் சூரியனுக்கு நேரே காட்டக் கூடாது. குளிரூட்டிய காரிலிருந்து புழுக்கத்தில் இறங்கினால் லென்ஸில் பனி படியும், பத்து நிமிடம் பையிலேயே இருக்கட்டும்.

கண்டுபிடித்த விலங்கின் முகத்தில் வெள்ளை டார்ச்சை அடித்து நிறுத்தாதீர்கள். இருட்டில் வாழப் பழகிய கண் அது. தேவாங்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிரினம். இரவில் இந்தக் கருவிகளோடு காட்டோரம் நிற்பவரைப் பார்த்தால் வேட்டைக்கு வந்தவர் என்றுதான் முதலில் தோன்றும். வனத்துறையிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள், அந்தப் பகுதியை அறிந்த ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள், அனுமதிக் கடிதம் பேட்டரியோடு அதே பையில் இருக்கட்டும்.