எழுதாத பெயரைக் கேட்கும் லிங்கர்

மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து லாஸ்பேட்டைக்கு வந்த தம்பி, மடிக்கணினியைத் திறந்ததுமே சொன்னான்: “அண்ணே, நான் எழுதாத பேரைக் கேட்டு அடம்பிடிக்குது.”

உபுண்டு 20.04 என்ற லினக்ஸ் பதிப்பில் உட்கார்ந்து, சொந்தமாக ஒரு சின்ன லினக்ஸை மூல நிரலிலிருந்து கட்டிக்கொண்டிருந்தான். இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தை, அதாவது பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் தயார் நிரல் தொகுப்பை, தொடும் இடத்தில் பில்ட் (நிரலைக் கட்டும் வேலை) நின்றுவிட்டது. திரையில் ‘அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்’ (இந்தப் பெயரில் எதுவும் கிடைக்கவில்லை), பக்கத்திலேயே எஸ்எஸ்எல்_கெட்1_பியர்_சர்டிஃபிகேட் என்ற பெயர். நிரல் முழுக்கத் தேடினோம். பெயர் இருக்கிறது, நடுவிலுள்ள அந்த 1 மட்டும் எங்குமே இல்லை.

துப்பே அந்த 1-தான். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் நூலகத்தைப் பார்ப்பதில்லை, அதிலுள்ள பெயர்களைப் பட்டியலிடும் ஹெடர் கோப்பை மட்டுமே படிக்கும். உண்மையான நூலகத்தைத் தேடிப் பிடித்து நிரலோடு இணைப்பது அப்புறம் வரும் லிங்கரின் வேலை. ஹெடர் மெனு அட்டை என்றால் நூலகம் அடுப்பங்கரை. 2021 செப்டம்பரில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0-இன் ஹெடர், நாம் பழைய பெயரை எழுதினாலும் 1 சேர்த்த புதுப் பெயராக மாற்றிவிடும். அதற்கு முந்தைய 1.1.1 நூலகத்துக்கோ அந்தப் பெயரே தெரியாது. புது அட்டை, பழைய அடுப்பங்கரை.

இரண்டும் எப்படிக் கலந்தன? எப்போதோ 3.0-ஐக் கையால் நிறுவியிருக்கிறான். அதன் ஹெடர் போய் உட்கார்ந்த ‘லோக்கல்’ அடைவில்தான் கம்பைலர் முதலில் தேடும். நூலகம் மட்டும் ‘லிப்64’ அடைவுக்குப் போய்விட்டது. லிங்கர் அங்கே வருவதற்கு முன்பே, உபுண்டுவோடு வந்த 1.1.1-ஐக் கண்டு எடுத்துக்கொண்டது.

நூலகம் கிடைக்கவில்லை என்று பிழை வந்தால், புதிய கோப்புக்குப் பழைய பெயரில் ஒரு சிம்லிங்க் (குறுக்குவழி) போடச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். கோப்பின் பெயரிலுள்ள 1.1, 3 என்பவை வெறும் எண்கள் அல்ல, அந்த எண் மாறாதவரை உள்ளமைப்பும் மாறாது என்ற வாக்குறுதி. அதை மீறினால், நிரல் ஓடுவதுபோல் ஓடி, நினைவகத்தில் தப்பான இடத்தில் எழுதக்கூடும். பிழைச்செய்தியோடு நிற்பது எவ்வளவோ மேல்.

கையால் நிறுவியதை ஹெடரோடு சேர்த்து நீக்கினோம். கம்பைலர் முன்பு உருவாக்கி வைத்திருந்த பழைய ஆப்ஜெக்ட் கோப்புகளையும் அழித்துவிட்டு மறுபடி கட்டினோம், லிங்கர் சத்தமில்லாமல் முடித்தது.

இதே பொருத்தமின்மை, கட்டி முடித்த பிறகும் வரும். லினக்ஸில் ஏறக்குறைய எல்லா நிரல்களும் நம்பியிருக்கும் அடிப்படை நூலகம் ஜிலிப்சி. அதன் 2.35 பதிப்பு உள்ள உபுண்டு 22.04-இல் கட்டியதை 2.31 உள்ள 20.04-க்குக் கொண்டுபோனால், ‘ஜிலிப்சி_2.34 நாட் ஃபவுண்ட்’ என்று கிளம்பவே மறுக்கலாம். இருப்பதிலேயே பழைய பதிப்பு உள்ள கணினியில் கட்டுவதுதான் வழி. பழையதில் கட்டியது புதியதில் பெரும்பாலும் ஓடும்.

லினக்ஸை மூல நிரலிலிருந்து படிப்படியாகக் கட்டக் கற்றுத்தரும் ‘லினக்ஸ் ஃபிரம் ஸ்கிராட்ச்’ முறையில் முதலில் தனியாக ஒரு தற்காலிகக் கம்பைலரையும் லிங்கரையும் கட்டச் சொல்வது இதற்காகத்தான். தாய்க் கணினியின் ஹெடரும் நூலகமும் புது அமைப்புக்குள் நுழையக் கூடாது. தம்பி அந்தப் படியைத் தாண்டிக் குதித்திருந்தான். சரி என்று அன்றைக்கே அங்கிருந்து தொடங்கினான்.