செட்டாப் பாக்ஸ் யார் பெயரில் இருக்கிறது?

தென்மாவட்ட நகரம் ஒன்றின் கேபிள் கன்ட்ரோல் ரூமில் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பொறியாளராகப் பணியாற்றி வருகிறேன். புகார் சொல்ல அழைப்பவர்களிடம் நாங்கள் முதலில் இரண்டு விவரங்களைக் கேட்போம்: பாக்ஸின் அடியில் ஒட்டியிருக்கும் எண் என்ன, அதற்குப் பதிவு செய்த மொபைல் எண் எது. முதல் கேள்விக்குப் பாக்ஸைத் திருப்பிப் பார்த்துப் பதில் சொல்லிவிடுவார்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரியாதவர்களே அதிகம். நான் இதை எழுதுவதற்கு அதுதான் காரணம்.

மாதம் பிறந்தால் வாசலில் வந்து நிற்கும் கேபிள்காரரிடம்தான் நாம் பணம் கொடுக்கிறோம். ஆனால் சேனலைத் திறக்கவும் மூடவும் ஆன சாவி அவர் கையில் இல்லை. சேனல் நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகப் பூட்டி அனுப்பும் சிக்னலை எம்.எஸ்.ஓ. எனப்படும் பெரிய நிறுவனம் தன் கன்ட்ரோல் ரூமில் வாங்கி, மறுபடியும் தன் பூட்டைப் போட்டு, கண்ணாடியிழை வழியாக ஊர்களுக்கு அனுப்புகிறது. அங்கிருந்து தெருவுக்கும் வீட்டுக்கும் ஒயர் இழுப்பவர் உள்ளூர் ஆபரேட்டர், அதாவது நம் கேபிள்காரர். தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனமும் இந்த வரிசையில் ஓர் எம்.எஸ்.ஓ.தான். 2011இல் மாதம் 70 ரூபாய்க்கு அது இணைப்புக் கொடுத்தபோது 20 ரூபாய் நிறுவனத்துக்கும் 50 ரூபாய் ஆபரேட்டருக்கும் போனது. ஒரு தெருவில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்பது, செட்டாப் பாக்ஸ் இல்லாத அந்த அனலாக் காலத்தில், ஆபரேட்டருக்கு மட்டுமே தெரியும். சேனல் நிறுவனங்களுக்கும் எம்.எஸ்.ஓ.க்களுக்கும் ஆபரேட்டர்களுக்கும் இடையே ஓயாத கணக்குச் சண்டை நடந்ததற்கு அதுவே காரணம். 1995ஆம் ஆண்டின் கேபிள் சட்டத்தை 2011இல் திருத்தி, செட்டாப் பாக்ஸைக் கட்டாயமாக்கிய பிறகுதான் ஒவ்வொரு வீடும் கணினியில் ஒரு கணக்காக மாறியது. அந்தக் கணக்குதான் இன்று உங்கள் சந்தா.

கட்டணத்தைப் பற்றித் தவறான தகவல்கள் நிறைய உலவுகின்றன. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி 2019 பிப்ரவரி முதல் நாம் கட்டுவது இரண்டு பகுதிகளாகப் பிரிந்தது: ஒயர் வழியாகச் சிக்னலைக் கொண்டுவருவதற்கான வலையமைப்புக் கட்டணம் ஒன்று, நாம் கேட்டு வாங்கும் கட்டணச் சேனல்களின் விலை மற்றொன்று. முதல் பகுதிக்கு 130 ரூபாய் என்ற உச்சவரம்பு இருந்தது. 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. இந்தத் தொகையே இன்றும் சட்டம் என்று நம்பி ஆபரேட்டரிடம் வாதாடுபவர்களைப் பார்க்கிறேன். 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பு நீக்கப்பட்டுவிட்டது. நிறுவனமே தொகையை முடிவு செய்யலாம், ஆனால் அதைத் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். ஆகவே வாதாடுவதற்கு முன் உங்கள் எம்.எஸ்.ஓ.வின் இணையதளத்தில் உள்ள தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். தனி உடன்பாடு ஏதும் இல்லாவிட்டால் வலையமைப்புக் கட்டணத்தில் நூற்றுக்கு 55 பங்கு எம்.எஸ்.ஓ.வுக்கும் 45 பங்கு ஆபரேட்டருக்கும் போகும். ஒயர், சிக்னலுக்கு வலுவூட்டும் ஆம்ப்ளிஃபையர், மழையில் கம்பம் ஏறும் பையனின் சம்பளம் எல்லாவற்றையும் ஆபரேட்டர் தன் பங்கிலிருந்தே பார்த்தாக வேண்டும் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

இனி பெயர் விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தமக்குச் செய்தியும் பக்திச் சேனல்களும் இரண்டு பொழுதுபோக்குச் சேனல்களும் போதும் என்று பலமுறை சொல்லியும் கட்டணம் குறையவில்லை என்று எங்களை அழைத்தார். பாக்ஸ் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். விளையாட்டுச் சேனல்களும் பிறமொழிச் சேனல்களும் நிறைந்த பேக் ஒன்று அந்தக் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. பதிவில் இருந்ததோ ஆபரேட்டரின் மொபைல் எண். ஊரெல்லாம் பாக்ஸ் மாற்றிய அவசரத்தில் வீட்டுக்கு வீடு படிவம் நிரப்பாமல், ஒரே எண்ணில் நூற்றுக்கணக்கான பாக்ஸ்களை உயிர்ப்பித்திருக்கிறார்கள். ஆசிரியைக்கு வர வேண்டிய ஓ.டி.பி.யும் கெடு முடியும் அறிவிப்பும் இத்தனை காலமாக வேறொருவரின் கைப்பேசிக்குப் போய்க்கொண்டிருந்தன. அவர் எதையும் தேர்ந்தெடுக்கவுமில்லை, மறுக்கவும் அவருக்கு வழியில்லை. இணைப்புக் கொடுக்கும்போது நுகர்வோர் விண்ணப்பப் படிவம் நிரப்பி அதன் நகலைக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அந்தப் படிவத்தை அன்று புதிதாக நிரப்பி, மொபைல் எண்ணை மாற்றி, அவர் கேட்ட சேனல்களை மட்டும் வைத்தோம். உங்கள் வீட்டுப் பாக்ஸ் எவர் எண்ணில் இருக்கிறது என்று எம்.எஸ்.ஓ.வின் கட்டணமில்லாத் தொலைபேசியில் இன்றே கேட்டுவிடுங்கள் என்று எனக்குத் தெரிந்த ஒவ்வொருவரிடமும் சொல்லி வருகிறேன்.

பழுது எங்கே இருக்கிறது என்று ஓரளவு ஊகிக்கத் தெரிந்தால் பாதி அலைச்சல் மிச்சம். எல்லாச் சேனல்களும் ஒன்றாகப் போய்விட்டால் பழுது பெரும்பாலும் ஒயரில்தான். அது ஆபரேட்டரின் வேலை. உங்கள் வீட்டில் மின்சாரம் இருந்தும் சிக்னல் இல்லையென்றால், தெரு ஆம்ப்ளிஃபையருக்கு மின்சாரம் கொடுக்கும் வீட்டில் கரன்ட் போயிருக்கலாம். ஒரு சேனல் மட்டும் சந்தா இல்லை என்று காட்டி மற்றவை ஓடினால் கோளாறு கணக்கில். அதற்குக் கம்பம் ஏறிப் பயனில்லை, எம்.எஸ்.ஓ.வான எங்களைத்தான் கேட்க வேண்டும். பணம் கட்டிய பிறகும் படம் வராவிட்டால் பாக்ஸை அணைத்து அணைத்துப் போடாதீர்கள். திறப்பதற்கான கட்டளை ஒயர் வழியாகத் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். பாக்ஸ் இயங்கிக்கொண்டிருந்தால்தான் அதை வாங்கிக்கொள்ளும்.

மூன்றாவது வகைதான் மக்களை அதிகம் குழப்புவது: சில சேனல்களில் மட்டும் படம் கட்டம் கட்டமாக உடையும். ஒரே அலைவரிசையில் பத்துக்கும் மேற்பட்ட சேனல்களை அடைத்து அனுப்புவதால், அந்த அலைவரிசை நலிந்தால் அதில் உள்ளவை மொத்தமாகக் கெடும். உயர்ந்த அலைவரிசைகள் ஒயரில் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதால் தெருக்கோடி வீடுகள்தான் முதலில் பாதிக்கப்படும். வீட்டுக்குள் இரண்டாவது டிவிக்காக ஒயரை இரண்டாகப் பிரிக்கப் போட்ட ஸ்ப்ளிட்டரும் சிக்னலைப் பாதியாக்கிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஒயர் முனையில் உள்ள பின்னுக்குள் ஈரம் இறங்கினாலும் இதே நிலைதான். அந்தப் பின்னை நீங்களே கழற்றிப் பார்க்க நினைத்தால், டிவி, பாக்ஸ் இரண்டின் பிளக்குகளையும் முதலில் பிடுங்கிவிடுங்கள். அப்படியும் ஒயரைத் தொட்டால் சுருக்கென்று இழுத்தால், அது மின்கம்பியில் எங்கோ உரசுகிறது என்று கொண்டு, தொடாமல் விலகி நின்று உடனே ஆபரேட்டரை அழையுங்கள். இடி இடிக்கும்போது ஒயர் அருகே போகவே வேண்டாம்.

ஆபரேட்டரிடம் வாய்மொழியாகச் சொன்ன புகார் எங்கும் பதிவாவதில்லை. எம்.எஸ்.ஓ.வின் கட்டணமில்லா எண்ணில் சொன்னால் புகார் எண் கிடைக்கும். அதற்கும் தீர்வு வராவிட்டால் தீராத புகார்களைக் கவனிக்க அந்த நிறுவனம் மாநிலத்துக்கென நியமித்துள்ள நோடல் அதிகாரிக்கு எழுதலாம். டிராய் தனிநபர் புகார்களைத் தீர்த்துவைப்பதில்லை. அங்கே எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். அதற்குப் பிறகும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டால் மனுக் கட்டணம் கிடையாது. அங்கே போவதற்குக் கையில் வேண்டியவை படிவத்தின் நகல், மாதாமாதம் வாங்கிய ரசீதுகள், புகார் எண்கள், அவற்றைப் பதிந்த தேதிகள். அந்த ஆசிரியையிடம் பழைய ரசீது ஒன்றுகூட இல்லாததால், கூடுதலாகக் கட்டிய தொகையை அவருக்குத் திருப்பி வாங்கித்தர எங்களால் இயலவில்லை.