பேஸ்பால் சம்பளம் வருஷக்கணக்குல பேசுறாங்க, ஆனா ஏறுறது நாள்கணக்குல

மார்ச் கடைசில அமெரிக்காவோட மேஜர் லீக் பேஸ்பால் சீசன் ஆரம்பிக்கறப்ப எந்த டீம் எவ்வளவு சம்பளம் குடுக்குதுன்னு ஒரு லிஸ்ட் வரும், எல்லாரும் அதைத்தான் ஷேர் பண்ணுவாங்க, வருஷம் பூரா அதையே வச்சு சண்டையும் போடுவாங்க. ஆனா அந்த நம்பர் முதல் நாளுக்கு மட்டும்தான் சரி. ரெண்டாவது நாளே மாற ஆரம்பிச்சிடும்.

ஏன்னா சம்பளம் நாள்கணக்குல தான் ஏறுது. 2023 சீசனையே எடுத்துக்கோங்க, மார்ச் 30ல இருந்து அக்டோபர் 1 வரைக்கும் 186 நாள். அந்த வருஷம் குறைஞ்சபட்ச சம்பளம் 7,20,000 டாலர், வகுத்துப் பாத்தா நாளைக்கு கிட்டத்தட்ட 3,870. மைனர் லீக்ல (அடுத்த கீழ் மட்ட லீக்) இருந்து ஒரு பையனை மேல கூப்பிட்டு பத்து நாள் ஆட வச்சுட்டு திருப்பி அனுப்பினா, அவனுக்கு மேஜர் லீக் சம்பளமா 38,700 சேரும், அவ்வளவுதான். அதுவே மேக்ஸ் ஷெர்சர் மாதிரி பெரிய பிட்சர்னா (பந்து வீசுறவர்) வருஷத்துக்கு 4.33 கோடி டாலர், அதாவது நாளைக்கு 2.3 லட்சத்துக்கு மேல!

இதுல காயம்தான் டீமுக்குப் பெரிய அடி. அடிபட்டு உக்காந்திருக்கிறவருக்கும் முழு சம்பளம் போய்க்கிட்டே இருக்கும் (அது நியாயம்தான், ஆடி தானே அடிபட்டாரு), ஆனா களத்துக்கு 26 பேர் வேணுமே, அதனால அவர் இடத்துக்கு வர்றவருக்கும் தினமும் சம்பளம் வைக்கணும். அஞ்சாறு பேருக்கு ஒரே நேரத்துல காயம்னா டீம் பலவீனமாகுது, செலவு மட்டும் ஏறுது. செப்டம்பர்ல 28 பேர் வச்சுக்கணும், அப்ப இன்னும் கொஞ்சம் கூடும்.

வேணாம்னு ஒருத்தரை விட்டுட்டா செலவு குறையுமான்னா, பெரும்பாலும் குறையாது. ஏழு நாளுக்குள்ள டிரேட் பண்ணணும் (வேற டீமுக்கு மாத்தி விடுறது), இல்லன்னா வெய்வர்ல போடணும், அதாவது மத்த டீம் யாராவது மிச்ச காண்ட்ராக்டோட சேத்து அப்படியே எடுத்துக்கலாம்னு அறிவிக்கிறது. யாரும் எடுக்கலைன்னா ரிலீஸ் பண்ணுவாங்க, ஆனா மிச்ச சம்பளம் பழைய டீம் தலையில தான், புதுசா சேத்துக்கிற டீம் மிச்ச நாளுக்கு குறைஞ்சபட்ச சம்பளம் மட்டும் குடுத்தா போதும்.

டிரேட்லயும் ஆள் போனா சம்பளமும் போயிடும்னு சொல்ல முடியாது. 2023 ஜூலை கடைசில நியூயார்க் மெட்ஸ் ஷெர்சரை டெக்சாஸ் ரேஞ்சர்ஸுக்கு அனுப்பினப்ப நல்ல இளம் பிளேயர் வேணும்னு சுமார் 3.5 கோடி டாலரையும் சேத்து அனுப்பினாங்க. அந்த வருஷம் வேர்ல்ட் சீரிஸ், அதாவது சாம்பியன்ஷிப் ஃபைனல், ஜெயிச்சது ரேஞ்சர்ஸ். மெட்ஸுக்கு மிஞ்சினது 10 கோடி டாலருக்கு மேல வரி.

அந்த வரி தான் லக்ஷரி டாக்ஸ், டீமோட மொத்த சம்பளம் ஒரு கோட்டைத் தாண்டினா கட்டுறது. இதுக்குத் தனிக் கணக்கு, கையில போற பணத்தோட இதைக் குழப்பிக்கக் கூடாது. காண்ட்ராக்ட் மொத்தத் தொகையை வருஷத்தால வகுத்து வர்ற சராசரியைத்தான் இங்க எடுப்பாங்க, கூடவே போனஸ், இன்சூரன்ஸ் மாதிரி செலவெல்லாம் சேரும், சீசன் முடிஞ்சதும் தான் கடைசி நம்பர் வரும். ஜப்பான் ஸ்டார் ஷோஹேய் ஓட்டானி டாட்ஜர்ஸ் டீமோட போட்ட 70 கோடி டாலர் காண்ட்ராக்ட்ல ஆடுற பத்து வருஷமும் வருஷத்துக்கு கைக்கு வர்றது 20 லட்சம் தான், மிச்சமெல்லாம் 2034ல இருந்து தான். ஆனா வரிக் கணக்குல அவர் பேர்ல வருஷத்துக்கு சுமார் 4.6 கோடி ஏறும், பின்னாடி வரப்போற பணத்தோட இன்னிக்கு மதிப்பைப் பாத்து போடுறது அது.

2023ல அந்த வரிக்கோடு 23.3 கோடி டாலர். லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் டீம்ல அப்ப ஓட்டானிக்கு கடைசி வருஷம், எப்படியாவது ப்ளேஆஃப் போயிடணும்னு ஜூலைல லூக்கஸ் ஜியோலிட்டோ உட்பட பல பேரை வாங்கி கோட்டைத் தாண்டிட்டாங்க. ஆகஸ்ட்ல வரிசையா தோத்தாங்க. மாசக் கடைசில ஜியோலிட்டோ, ரெய்னால்டோ லோபஸ், மேட் மூர்னு ஒரு கும்பலையே வெய்வர்ல போட்டாங்க. ஜியோலிட்டோ சம்பளம் 1.04 கோடி, நாளைக்கு 56,000. மிச்சம் இருந்தது சுமார் 31 நாள், அதாவது சீசன்ல ஆறுல ஒரு பங்கு, அதனால அவர் ஒருத்தரால மட்டும் சுமார் 17 லட்சம் டாலர் கணக்குல இருந்து இறங்கிச்சு. அவங்க மூணு பேரையும் க்ளீவ்லாண்ட் டீம் எடுத்துக்கிச்சு. அஞ்சு வாரம் முன்னாடி தான் ஊர் மாறி வந்த ஜியோலிட்டோ மறுபடி பெட்டியைக் கட்டினாரு, எனக்கு இப்ப நினைச்சாலும் மனசு கஷ்டமா இருக்கு.

ஆனா கணக்கு பலிச்சுது. அந்த வருஷம் வரி கட்டின எட்டு டீம்ல ஏஞ்சல்ஸ் இல்ல. டிசம்பர்ல ஓட்டானி டாட்ஜர்ஸுக்குப் போனப்ப, ஏஞ்சல்ஸுக்கு ஈடா கிடைச்ச டிராஃப்ட் இடம் (புது பிளேயர்களை டீம்கள் ரவுண்டு ரவுண்டா முறை வச்சு எடுக்கிறதுல ஒரு வாய்ப்பு) ரெண்டாவது ரவுண்டுக்கு அப்புறமே வந்துச்சு, கோட்டுக்கு மேல நின்னிருந்தா நாலாவது ரவுண்டு முடியற வரைக்கும் காத்திருந்திருக்கணும்.