புளோவர்: வீசுவதா, ஊதுவதா?

கொழும்பு பழைய சோனகர் தெருவில் ஒரு ஹாட்வெயார் கடைக்குப் போய் "புளோவர் ஒன்று வேணும்" என்று கேட்டால், மூன்று வேறு சாமான்கள் முன்னால் வரலாம். ஒன்று, தூசி ஊதும் கைக்கருவி. மற்றது, நத்தையோடு போன்ற உறைக்குள் சில்லு சுழலும் இயந்திரம். மூன்றாவது, சுவரில் பூட்டும் பெரிய எக்ஸோஸ்ட் ஃபேன். மூன்றும் காற்றைத் தள்ளும். செய்யும் வேலை ஒன்றல்ல. இந்தப் பெயர்க் குழப்பத்தால் தவறான இயந்திரத்தை வாங்கி, புகை போகவில்லை என்று மோட்டரைக் குறை சொல்பவர்கள் பலர்.

ஃபேன் என்ற சொல்லின் வேர் லத்தீனின் 'வன்னுஸ்'. அது வேறொன்றுமில்லை, நம்முடைய சுளகுதான். பழைய ஆங்கிலத்திலும் பதர் பிரிக்கும் கருவிக்கே அந்தப் பெயர். காற்று வாங்கும் பொருளுக்கு அது பிறகுதான் வந்தது. தமிழ் விசிறி 'விசிறு' என்ற வினையில் பிறந்தது. வலையை விசிறுகிறோம், தண்ணீரை விசிறுகிறோம். எல்லாவற்றிலும் பரப்பி எறிவதுதான் பொருள்.

புளோவர் 'புளோ', அதாவது ஊது என்ற வினையின் பெயர். தமிழில் எதையெல்லாம் ஊதுகிறோம்? சங்கை, குழலை, பலூனை, அடுப்பை. எல்லாம் ஒடுங்கிய வாய். எல்லாவற்றிலும் எதிரே ஒரு தடை நிற்கிறது. பழைய குசினியில் இரண்டு சாமானும் இருந்தன: புழுக்கத்துக்கு ஓலை விசிறி, ஈர விறகுக்கு ஊதாங்குழல். ஊதாங்குழலால் யாரும் உடம்புக்குக் காற்று வாங்கியதில்லை. கொல்லன் உலைக்குத் துருத்தி வைத்ததும் அதே காரணத்தால்தான்: கரிக்கட்டைகளின் இடுக்குகளுக்குள் காற்று புக அழுத்தம் வேண்டும். வீசு, ஊது என்ற இரண்டு வினைகளில் தமிழ் வைத்திருக்கும் இந்த வேறுபாடு, கடையில் சொல்லும் ஃபேன், புளோவரில் இல்லை.

பொறியியலில் எல்லை உண்டு. அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் வரையறைப்படி, வெளிவரும் அழுத்தத்தை உட்செல்லும் அழுத்தத்தால் வகுத்தால் 1.11 வரை ஃபேன், 1.11 முதல் 1.20 வரை புளோவர், அதற்கு மேல் கொம்பிரசர். 1.11 என்றால் ஏறத்தாழ 11,000 பஸ்கல், ஒரு மீற்றருக்குச் சற்றுக் கூடிய நீர்நிரலின் அழுத்தம். கொழும்புச் சாப்பாட்டுக் கடைகளின் கூரையில் உறுமும் 'புளோவர்கள்' பெரும்பாலும் 300 முதல் 600 பஸ்கல் வரைதான். வரையறையின்படி அவற்றில் ஒன்றுகூட புளோவர் இல்லை. மறுபக்கம், அடுக்குமாடிகளின் கழிவுநீர்த் தொட்டிக்குக் காற்றூட்டும் ரூட்ஸ் புளோவர் 3 மீற்றர் ஆழத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அதற்கு 30,000 பஸ்கல். வரையறைப்படி அது கொம்பிரசர், பெயரோ புளோவர்!

ஆகவே ஃபேனுக்கு விசிறி, புளோவருக்கு ஊதி, கொம்பிரசருக்கு அமுக்கி என்று வைப்பதே எங்கள் விருப்பம். உறையும் ஒடுங்கிய வாயும் கொண்டு, குழாயின் தடையை எதிர்த்துத் தள்ளுவது ஊதி. எண்ணின் எல்லையைப் பெயருக்குள் திணிக்காமல், பக்கத்தில் அழுத்தத்தை எழுதிவிட்டால் போதும். எக்ஸோஸ்ட் என்பது இயந்திரத்தின் வகையல்ல, வேலையின் திசை. காற்று வெளியேற்றி என்று சொல்லலாம். அதே விசிறியைத் திருப்பிப் பூட்டினால் காற்றை உள்ளே தரும். காற்று அச்சின் வழியே நேராகப் போவது அச்சு விசிறி. நடுவில் நுழைந்து விளிம்பால் வெளியேறுவது மையநீக்க விசிறி. சுழலும் பாகத்துக்கு இறகுச் சில்லு என்ற பெயர் நன்றாகவே பொருந்தும்.

இப்போது தெரிவுக்கு வருவோம். திறந்த களஞ்சியத்தின் சூட்டை வெளியேற்றுவது வீச்சு வேலை. 20 மீற்றர் நீளம், 10 மீற்றர் அகலம், 4 மீற்றர் உயரம் என்றால் 800 கன மீற்றர். மணித்தியாலத்துக்கு 10 தடவை காற்று மாற வேண்டுமானால் 8,000 கன மீற்றர், கடை மொழியில் 4,700 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி). சுவரில் இரண்டு அச்சு விசிறி போதும். எதிர்ச் சுவரில் காற்று நுழைய வழி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெள்ளவத்தையில் ஒரு கொத்துக் கடையின் குசினி வேறு கதை. அடுப்பின் மேல் 2 மீற்றருக்கு 1 மீற்றர் புகைக்கூடு என்று வையுங்கள். அதன் வாயில் செக்கனுக்கு 0.5 மீற்றர் வேகம் வேண்டுமானால் செக்கனுக்கு 1 கன மீற்றர், அதாவது 2,100 சி.எஃப்.எம். அதை 375 மில்லிமீற்றர் விட்டமுள்ள குழாயில் அனுப்பினால் வேகம் செக்கனுக்கு 9 மீற்றர். இனித்தான் விஷயம் வளைவுகளில் இருக்கிறது. தகட்டை வெட்டி மூலைமூலையாக ஒட்டிய ஒரு கூர் வளைவு சுமார் 60 பஸ்கலை விழுங்கும்; உருண்டு திரும்பும் வளைவு 15 பஸ்கலோடு நிற்கும். நான்கு வளைவென்றால் 240க்கும் 60க்கும் உள்ள வித்தியாசம். எண்ணெய் வடிகட்டிக்கு 100, 12 மீற்றர் நேர்க்குழாய்க்கு 30, நுழைவுக்கும் வெளிவாய்க்கும் சேர்த்து 75 என்று கூட்டினால், கூர் வளைவோடு 445, உருள் வளைவோடு 265 பஸ்கல். முதலாவதுக்கு 1.1 கிலோவாட் மோட்டர் தேவை, இரண்டாவதுக்கு 0.75 போதும். தகடு வேலை செய்யும் பாஸிடம் வளைவைப் பற்றிப் பேசாமல் மோட்டரைப் பற்றி மட்டும் பேசுவது வீண்.

இந்த இடத்தில் 3,000 சி.எஃப்.எம். என்று பெட்டியில் அச்சடித்த சுவர் விசிறியைப் பூட்டுவதுதான் வழமையான பிழை. அந்த எண் தடையில்லாத வெறுங்காற்றில் அளந்தது. 100 பஸ்கலைத் தாண்டும்போதே அத்தகைய விசிறி திணறத் தொடங்கும். சத்தம் வரும், புகை போகாது. வாங்குமுன் அழுத்த வளைகோட்டை, அதாவது எவ்வளவு அழுத்தத்தில் எவ்வளவு காற்று வரும் என்று காட்டும் வரைபடத்தைக் கேளுங்கள். அதைக் காட்டாதவரிடம் அழுத்தம் கேட்கும் வேலைக்கான ஊதியை வாங்க வேண்டாம்.

ஊதியிலும் இறகு எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அணில்கூடு என்று சொல்லப்படும், சுழலும் திசைப் பக்கமே வளைந்த முன்வளை இறகு மலிவு, அமைதி. ஆனால் எண்ணெய்ப் புகையில் சிற்றிறகுகளின் இடையில் பிசுக்கு ஏறி, சில்லு சமநிலை தவறி, பெயாரிங் போகும். இன்னொரு தந்திரமும் அதற்குண்டு: குழாய் பொருத்தாமல் சும்மா ஓட்டிப் பார்த்தால் காற்றளவோடு அம்பியரும் ஏறி, மோட்டரின் சுருள் கருகும். பின்வளை இறகுக்கு அந்த ஆபத்தில்லை. குசினிக்கு அதுதான், மோட்டரும் காற்றோட்டத்துக்கு வெளியே இருக்க வேண்டும். மரத்தூள் இழுக்கவும் மிளகாய்த்தூள் மில்லுக்கும் நேர் இறகு. மரத்தூள் குழாயில் படியாமலிருக்கச் செக்கனுக்கு 20 மீற்றர் அளவு வேகம் தேவை.

காற்றுக் குறைவாக இருக்கிறதென்று பெல்ட் ஓடும் கப்பியை மாற்றி வேகத்தைக் கூட்டுபவர்கள் ஒரு கணக்கை மறக்கக் கூடாது. வேகம் 10 வீதம் ஏறினால் காற்று 10 வீதம் ஏறும், மின்வலு 33 வீதம் ஏறும். அதே விதியின் மறுபக்கம், 60 ஹேர்ட்ஸ் நாடொன்றிலிருந்து வந்த பழைய ஊதி இங்கே 50 ஹேர்ட்ஸில் ஓடினால் காற்று ஆறில் ஐந்து பங்காகும், அழுத்தம் 69 வீதத்துக்கு இறங்கும். மோட்டரின் பெயர்த்தகட்டில் சுழற்சி வேகம் நிமிடத்துக்கு 1,750 என்று இருந்தால், அது 60 ஹேர்ட்ஸ் மோட்டரோ என்று சந்தேகப்படுங்கள்.

கொழும்புக்கென்று ஒரு கவலையும் இருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்றான சோழகம் செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் சுவரை மோதினால் 60 பஸ்கல் எதிரழுத்தம் உண்டாகும். தென்மேற்குச் சுவரில் வெளியேற்றி பூட்டியவரின் விசிறி அந்த மாதங்களில் பாதி நேரம் காற்றோடு மல்லுக்கட்டும். பலாங்கொடைப் பக்கம் சமனலவெவ மலைச்சரிவில் 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இரும்பு உருக்கியவர்கள் இதே காற்றை நோக்கி உலையைத் திறந்து வைத்து, துருத்தியே இல்லாமல் வேலை முடித்தார்கள். நமக்கு வேண்டியது எதிர்த்திசை: வெளிவாயைக் காற்றுமறைவுப் பக்கம் வையுங்கள், அல்லது கூரைக்கு மேலே நேராகத் தூக்குங்கள். கடற்கரையோரம் பெயின்ட் அடித்த சாதாரண இரும்புச் சில்லு சீக்கிரம் துருப்பிடிக்கும். அலுமினியமோ துருப்பிடிக்காத உருக்கோ கேளுங்கள்.

பூட்டி முடித்ததும் சுழலும் திசையை அம்புக்குறியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். த்ரீ பேஸ் வயர் இரண்டு மாறினால் அச்சு விசிறி எதிர்ப்பக்கம் வீசும், உடனே தெரிந்துவிடும். ஊதி அப்படியல்ல. தலைகீழாகச் சுழன்றாலும் அதே வாயால்தான் காற்று வரும், அளவு மட்டும் வெகுவாகக் குறையும்.