கிரேஸ்கேல்: சாம்பல் படிநிலை

சேலத்து டிடிபி சென்டர்களில், அதாவது கணினியில் பக்கம் வடிவமைக்கும் கடைகளில், 'கிரேஸ்கேல்' என்றால் 'பிளாக் அண்ட் ஒயிட்' என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். பேச்சுக்குச் சரி. ஆனால் பிரஸ்ஸுக்கு ஃபைல் அனுப்பும்போது இந்தப் புரிதல் போதாது.

'கிரே' என்பது சாம்பல் நிறம். 'ஸ்கேல்' லத்தீனின் 'ஸ்காலா'விலிருந்து வந்தது. ஏணி, படிக்கட்டு என்று பொருள். மீன் செதிலையும் தராசையும் ஆங்கிலத்தில் இதே எழுத்துகளால்தான் எழுதுகிறார்கள், அவற்றின் வேர் வேறு. ஆக, கிரேஸ்கேல் என்பது கருப்பிலிருந்து வெள்ளைக்கு ஏறிப்போகும் படிகள். 8 பிட் படத்தில் (ஒரு புள்ளிக்கு 8 இரும இலக்கம்) 0 முதல் 255 வரை மொத்தம் 256 படிகள். இதைச் 'சாம்பல் அளவுகோல்' என்று மொழிபெயர்த்தால் பள்ளிப் பையன் கையிலிருக்கும் ஸ்கேல்தான் கண்ணில் நிற்கும். 'சாம்பல் படிநிலை' என்பதே சரி என்பேன். நடுவில் படியே இல்லாத 1 பிட் படத்துக்கு வேண்டுமானால் 'கருப்பு வெள்ளை' என்ற பெயர் பொருந்தும்.

இந்தப் படிகள் அத்தனையும் ஒரே சேனலில், அதாவது ஒரே நிற அடுக்கில் இருக்கின்றன. அதனால் அச்சில் கருப்பு மை ஒன்றே போதும். சிக்கல் தொடங்குவது இங்கேதான். ஏற்காடு சாலையில் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய ஸ்டில்களை வைத்து ஒரு விழா மலர் போடுவதாக வைத்துக்கொள்வோம். சில படங்கள் முறையான கிரேஸ்கேல். சில, நிறத்தை மட்டும் நீக்கிவிட்டு ஆர்ஜிபியிலேயே (திரைக்கான சிவப்பு, பச்சை, நீலம்) விட்டவை. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பிடிஎஃப் எடுக்கும்போது எல்லாம் சிஎம்ஒய்கேவுக்கு (அச்சுக்கான சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு மைகள்) மாறினால் இரண்டாவது வகை நான்கு மைகளாகப் பிரிந்துவிடும். நடுச் சாம்பல், அதாவது ஆர்ஜிபி மூன்றிலும் 128, போட்டோஷாப்பில் பரவலாக உள்ள ஸ்வாப் புரொபைலில் (நிறத்தை மையளவாக மாற்றும் விதித்தொகுப்பு) சியான் 52, மெஜந்தா 43, மஞ்சள் 43, கருப்பு 8 சதவீதம் என்று ஆகும். மெஷினில் மெஜந்தா கொஞ்சம் தூக்கலாக ஓடினாலே படம் சிவக்கும். சியான் கூடினால் நீலம் பாயும். பக்கத்துப் படமோ சுத்தமான சாம்பலாக நிற்கும். ஒரே பக்கத்தில் இப்படி இரண்டு நிறம் வந்தால் அந்தப் பழைய முகங்களுக்குச் செய்யும் மரியாதையே கெட்டுப்போகிறது.

எனவே படங்களை முதலிலேயே போட்டோஷாப்பில் ஒரே கிரே புரொபைலில் கிரேஸ்கேலாக்கிவிட வேண்டும். படத்துக்குள் பதிந்த கிரே புரொபைலை, பக்கம் போடும் மென்பொருளான இன்டிசைன் கண்டுகொள்ளாது. எண்களை அப்படியே கருப்பு மைக்கான பிளேட்டுக்கு (அச்சுத் தகடு) அனுப்பிவிடும். ஆளுக்கொரு புரொபைலில் மாற்றிக் கொடுத்தால் ஒன்று கருத்தும் ஒன்று வெளிறியும் வரும். இன்னொன்று, படத்துக்கு நிழலோ டிரான்ஸ்பரன்சியோ கொடுத்திருந்தால் பக்கத்தின் பிளெண்ட் ஸ்பேஸ் (அடுக்குகளைக் கலக்கும் நிறமுறை) சிஎம்ஒய்கேவில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்ஜிபியில் இருந்தால் நல்ல கிரேஸ்கேல் படமும் நான்கு மையாகிவிடலாம். பக்கம் போடும் இன்னொரு மென்பொருளான கோரல்டிராவில் பிட்மேப் மெனுவிலேயே 8 பிட் கிரேஸ்கேலுக்கு மாற்றும் வசதி உண்டு.

அப்புறம் டாட் கெயின். மைப்புள்ளி தாளில் ஊறிப் பெருப்பதை 'புள்ளிப் பெருக்கம்' எனலாம். 20 சதவீதப் பெருக்கத்தில் 50 சதவீதப் புள்ளி 70 ஆகத் தெரியும். நியூஸ்பிரிண்டில் இது இன்னும் கூடும், ஆர்ட் பேப்பரில் குறையும். தாள் எதுவென்று பிரஸ்ஸில் கேட்டுக்கொண்டு புரொபைலைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

பிளேட் போடுமுன், பிடிஎஃப் பார்க்கும் மென்பொருளான அக்ரோபேட்டின் 'அவுட்புட் பிரிவியூ'வில் கருப்பை மட்டும் அணைத்துப் பாருங்கள். படம் முழுசாக மறைந்தால் அது ஒற்றை மை. மங்கலாக ஏதாவது மிஞ்சினால் மற்ற மூன்று மைகளும் உள்ளே இருக்கின்றன. அந்தப் படத்தை மட்டும் திருத்தி மறுபடி பிடிஎஃப் எடுக்க வேண்டும்.