லாக் புக்குல "ஆல் ஓகே" எழுதற சூப்பர்வைசருக்கும், படிக்காம கையெழுத்து போடற மேனேஜருக்கும்

ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், கோயம்புத்தூர்னு ஃபேக்டரிகளுக்கு எச்ஆர் கன்சல்டன்ட்டா போறப்ப நான் முதல்ல கேக்கறது ஷிஃப்ட் லாக் புக்கைத்தான், அதாவது ஷிஃப்ட்ல என்ன நடந்துதுன்னு அடுத்த ஷிஃப்ட்காரங்களுக்கு எழுதி வைக்கற நோட்டு. கூப்பிடறவங்க என்னவோ "சார், நம்ம பசங்களுக்கு இங்கிலீஷ்ல மெயில் எழுத சொல்லிக்குடுங்க, கஸ்டமர் முன்னாடி மானம் போகுது"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. மெயில்ல கிராமர் தப்பா இருந்தா நாலு பேர் சிரிப்பாங்க, அவ்ளோதான். லாக் புக்குல ஒரு விஷயம் விட்டுப்போச்சுன்னா அடுத்த ஷிஃப்ட்காரன் கை போயிடும்.

2005 மார்ச் 23, அமெரிக்காவுல டெக்சஸ் சிட்டியில இருந்த பிபி ரிஃபைனரி வெடிச்சுது, 15 பேர் செத்தாங்க, 180 பேருக்கு அடி. அதுக்கு முந்தின ராத்திரி ஷிஃப்ட்ல ஒரு டவருக்குள்ள ராஃபினேட்டுங்கற திரவத்தை ஏத்திட்டு பாதியில நிறுத்தி வெச்சிருந்தாங்க. லீட் ஆபரேட்டர் லாக் புக்குல எழுதினது ஒரே ஒரு வரி, யூனிட்டுக்குள்ள கொஞ்சம் ராஃபினேட் கொண்டுவந்தோம்ங்கற அளவுக்குத்தான். எவ்ளோ ஏத்தினாங்க, எந்த வால்வு எப்படி இருக்கு, அடுத்தவங்க எங்கேர்ந்து தொடரணும், ஒண்ணும் இல்ல. அவரு ஷிஃப்ட் முடிய ஒரு மணி நேரம் இருக்கறப்பவே கிளம்பிட்டாரு, பகல் சூப்பர்வைசர் வந்தது லேட்டு, ஆக வாயால சொல்லவும் ஆள் இல்ல. பகல்ல வந்தவங்க மறுபடி ஏத்த ஆரம்பிச்சு, வெளிய எடுக்காமலே மூணு மணி நேரம் ஏத்தினாங்க. டவர் உயரம் 170 அடி, லெவல் மீட்டர் அளக்கறது அடியில ஒரு பத்தடிக்குள்ள மட்டும். மதியம் 1.20-க்கு வெடிச்சுது. லெவல் மீட்டர் தப்பா காட்டினது, அலாரம் அடிக்காதது, ஆளுங்க இருந்த ட்ரெய்லர்களை யூனிட் பக்கத்துலயே நிறுத்தி வெச்சதுன்னு காரணம் ஏகப்பட்டது, லாக் புக் ஒண்ணுதான் காரணம்னு சொன்னா அது பொய். ஆனாலும் விசாரிச்ச அமெரிக்க அரசோட கெமிக்கல் சேஃப்டி போர்டு அந்த ஒரு வரியை அப்படியே ரிப்போர்ட்ல எடுத்துப் போட்டிருக்கு. 1988-ல வட கடல்ல பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில 167 பேர் செத்ததும் கிட்டத்தட்ட இதே சமாச்சாரம்தான், ஒரு பம்ப்போட சேஃப்டி வால்வை கழட்டி வெச்சிருக்காங்கங்கற தகவல் ராத்திரி ஷிஃப்டுக்குப் போய்ச் சேரல.

இப்ப நம்ம ஊரு லாக் புக்குக்கு வருவோம். "ப்ரெஸ் 3 ப்ராப்ளம். மெயின்டனன்ஸ் இன்ஃபார்ம்டு." இந்த மாதிரி எழுத்தை நான் பாக்காத ப்ளான்ட் இல்ல. எழுதினவருக்கு எல்லாம் தெரியும், ராத்திரி பூரா அந்த ப்ரெஸ்ஸோடதான் மல்லு கட்டியிருப்பாரு. ஆனா காலைல ஆறு மணிக்கு வர்றவருக்கு இதுல என்ன இருக்கு? ஓட்டலாமா கூடாதா? அதே சூப்பர்வைசரை உக்கார வெச்சு, "நீங்க பாட்டுக்கு வாயால சொல்லுங்க, நான் எழுதறேன்"னு சொன்னா எப்படி சொல்றாரு பாருங்க: "ராத்திரி 2.40-க்கு ப்ரெஸ் 3 ஹைட்ராலிக் ஆயில் டெம்பரேச்சர் 68 டிகிரி போச்சு, நிறுத்திட்டேன். கூலர் ஃபேன் சுத்தல. எலக்ட்ரீஷியன் வந்து பாத்துட்டு மோட்டார் மாத்தணும்னாரு, ஸ்பேர் ஸ்டோர்ல இல்ல. 3.30-லேர்ந்து டேபிள் ஃபேன் வெச்சு ஓட்டறோம், 58-ல நிக்குது. 60 தாண்டினா நிறுத்திடுங்க." அருமையா சொல்லிட்டாரு, இதையே எழுதிட்டா முடிஞ்சுது. வாயில வர்றது கையில வரமாட்டேங்குது ஏன்னா எழுத்துன்னாலே ஆபீஸ் பாஷையில, அதுவும் இங்கிலீஷ்ல இருக்கணும்னு ஒரு பயம். அந்த ஷிஃப்ட்ல படிக்கறவங்க எல்லாருக்கும் தமிழ் தெரியும்னா தமிழ்லயே எழுதுங்க, ஐஎஸ்ஓ ஆடிட்டர் ஒண்ணும் கடிச்சு வெச்சிட மாட்டாரு. ஒடிசா, பீகார் பசங்களும் படிக்கணும்னா அவங்களுக்கும் புரியற மாதிரி எழுதியோ பக்கத்துல நின்னு சொல்லியோ ஆகணும், அது வேற வழியில்ல.

அடுத்தது கம்ப்ளெய்ன்ட் ரிப்போர்ட், என் பொழப்புல பாதி இதோடதான் போகுது. ஒரு ஒர்க்கர் மேல நடவடிக்கை எடுக்கணும்னு சூப்பர்வைசர் எழுதிக் குடுப்பாரு: "இவர் எப்பவும் ஒழுங்கீனமாக நடந்துகொள்கிறார், நேற்று என்னை தகாத வார்த்தைகளால் திட்டினார்." இதை வெச்சு சார்ஜ் ஷீட், அதாவது கம்பெனி குடுக்கற குற்றச்சாட்டு நோட்டீஸ், போட்டா கம்பெனிக்குள்ள நடக்கற என்கொயரியில எதிர்த்தரப்புல உக்காந்திருக்கற யூனியன்காரர் கேக்கற முதல் கேள்வியே "என்ன வார்த்தை?"தான். சூப்பர்வைசர் நெளிவாரு. "அதை எப்படி சார் எழுதறது, லேடீஸ் எல்லாம் படிப்பாங்க." எழுதித்தான் ஆகணும்ங்க! சொன்ன வார்த்தையை சொன்ன மாதிரியே, தேதி, நேரம், எந்த மெஷின் பக்கத்துல, யாரு கூட இருந்தாங்க, எல்லாம் வேணும். "எப்பவும்"ங்கறது ஒரு நாளும் தேறாது, எந்தெந்த தேதின்னு சொல்ல முடியலேன்னா அந்த வார்த்தையையே எடுத்துடுங்க. நீங்க கண்ணால பாத்தது எது, அடுத்தவர் சொல்லி கேட்டது எதுன்னு பிரிச்சு எழுதுங்க. குற்றச்சாட்டு மொட்டையா இருந்தா எதிராளி எதுக்கு பதில் சொல்றதுன்னே தெரியாம போயிடும், அது இயற்கை நீதிக்கு விரோதம்னு கோர்ட்டுங்க திரும்பத் திரும்ப சொல்லிருக்கு, ஏ.ஐ.ஆர்.ங்கற தீர்ப்புத் தொகுப்புல 1971-ல வந்த சுரத் சந்திர சக்ரவர்த்தி வழக்கு அதுல ஒண்ணு. நிஜமாவே தப்பு பண்ணவரு லேபர் கோர்ட்ல ஜெயிச்சு பின்சம்பளத்தோட திரும்ப உள்ள வர்றப்ப எல்லாரும் வக்கீலைத் திட்டுவாங்க, முதல் நாள் எழுதின அந்த நாலு வரியை யாரும் எடுத்துப் பாக்கறதில்ல. இதோட இன்னொரு பக்கமும் இருக்கு, தப்பே பண்ணாதவன் மேல கடுப்புல எழுதின ரிப்போர்ட்டும் இதே மாதிரி மொட்டையாத்தான் இருக்கும், விவரமா எழுதுன்னு உக்கார வெச்சாலே அதுல பாதி கழண்டுடும்.

மெயிலைப் பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணுமில்ல. சப்ஜெக்ட்ல "அர்ஜென்ட்"னு போடாதீங்க, என்ன வேணும் எப்ப வேணும்னு போடுங்க. கேக்கற விஷயம் முதல் ரெண்டு வரியில வரட்டும். வாட்ஸப்ல பேசி முடிச்சதை மெயில்ல ஒரு வரி போட்டு வெச்சுக்கோங்க, போன் மாத்தினா சாட் போயிடும்.

ஆனா ஒண்ணு, சூப்பர்வைசரை மட்டும் குத்தம் சொல்லிட்டு போனா நியாயமில்ல. லாக் புக் பூரா "நார்மல்", "ஆல் ஓகே"ன்னு இருக்கற ப்ளான்ட்ல காலைல மீட்டிங்ல போய் உக்காந்து பாருங்க. எவனாவது உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தா மேனேஜர் கேக்கற முதல் கேள்வி "யாரு பண்ணா? மெமோ குடு." ரெண்டு தடவை மெமோ வாங்கினவன் மூணாவது தடவை என்ன எழுதுவான்? நார்மல்தான். இப்படிப்பட்ட எடத்துல நான் எத்தனை நாள் க்ளாஸ் எடுத்தாலும் தண்டம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவேன், சில பேர் அதுக்கப்புறம் கூப்பிடறதில்ல, பரவால்ல.

மேனேஜர்கிட்ட நான் கேட்டுக்கறது ஒண்ணுதான். லாக் புக்குல வெறும் கையெழுத்து போடாதீங்க, பக்கத்துக்கு ஒரு கேள்வி எழுதுங்க, யாருன்னு கேக்காம என்ன, எவ்ளோ, எப்பேர்ந்துன்னு கேளுங்க. ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியில ப்ளான்ட் மேனேஜர் இதை விடாப்பிடியா பண்ணாரு. நைட் ஷிஃப்ட்காரங்க கேள்விக்கு கீழயே பதில் எழுத ஆரம்பிச்சாங்க, கொஞ்ச நாள்ல கேக்கறதுக்கு முன்னாடியே டெம்பரேச்சர், பிரஷர் எல்லாம் எழுத்துல வந்துடுச்சு. எல்லாரும் மாறிடல, ரெண்டு மூணு பேரு இன்னமும் "நார்மல்"தான் எழுதறாங்க. அவரும் விடாம "நார்மல்னா ஆயில் பிரஷர் எவ்ளோ?"ன்னு எழுதி புக்கை திருப்பி அனுப்பிக்கிட்டுதான் இருக்காரு.